ஆறு மணி நரி

—ஆடாம நில்லு பாக்கியம். பூ வெக்கிறப்ப தலைய ஆட்டுனா கோணலாத்தான் நிக்கும்.

—மணி என்னம்மா?

—இதோட ஏழு தடவ கேட்டுட்ட. அஞ்சு நாப்பது.

—நாலு மணிக்கு பொண்ணு பாக்க வரேன்னவங்க அஞ்சேகாலுக்கு வந்தா நான் என்னத்த பண்றது. ஆறு மணிக்கு நான் கேபிள் ரூம்ல இருக்கணும்.

—மாப்பிள்ளைக்கு ஆலத்தியூரு சிமெண்டு பேக்டரியில வேல. கம்பெனி பஸ்ஸு குரும்பலூருக்கு வந்து சேந்தாத்தான அவங்க வூட்ட விட்டுக் கெளம்ப முடியும். அதுக்கு நீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்புடி?

—நான் போயி மைக்குல பேசலன்னா நரி ஊமையாயிரும்மா. பெரம்பலூரு பூரா டிவியப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். படம் ஓடும், நரி வாயத் தொறக்கும், சத்தம் வராது. கேபிள்கார மணிவேல் அண்ணன் அழுதுரும்.

—ஒரு நா ஊமையா இருந்தா நரி செத்தா போயிரும்? நாஞ் சொல்றத கேளு. மொதல்ல மெதுவாப் பேசு. ஹால்ல மாப்பிள்ளையோட அம்மா உக்காந்திருக்கு. உங்கப்பா காலையில என்ன சொன்னாரு?

—என்னத்த சொன்னாரு. பொண்ணு கேபிள் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல விளம்பரம் அடிக்குதுன்னு மட்டும் சொல்லணும். நரிக்கு கொரல் குடுக்குறதும் அவதான்னு மூச்சு விடக் கூடாது. நிச்சயம் ஆச்சுன்னா மறுநாள்லேர்ந்து மைக்கத் தொடவே கூடாது.

—அவரு சொல்றதுல என்ன தப்பு? நரிக்குப் பேசுறது யாரோ ஒரு ஆம்பள ஆளுன்னுதான் ஊரே நெனச்சுக்கிட்டு இருக்கு. வயசுப் பொண்ணு தெனமும் டிவியில ஊளையிடுதுன்னு தெரிஞ்சா எந்த மாப்பிள்ளை வருவாரு?

—நான் ஒரே ஒரு தடவதாம்மா ஊளையிட்டேன். அதுவும் கதைக்கு வேண்டியிருந்துச்சு.

—மொகத்தத் தொடச்சுக்க. பையன் தனியா ரெண்டு வார்த்த பேசணும்ங்கிறாரு, உங்கப்பாவும் சரின்னுட்டாரு. அஞ்சு நிமிசம். நான் திரைக்கு வெளியில முறுக்குத் தட்ட வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். கண்டதையும் பேசிப்புடாத. வாங்க தம்பி, வாங்க. குனிஞ்சு வாங்க, நெல தாழ்வு.

—வணக்கங்க.

—உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், கட்டில்ல உக்காருங்க.

—பரவாயில்லைங்க, நின்னுக்கறேன். அதாவது, எம்பேரு ராஜராஜன்.

—தெரியும்.

—பேக்கிங் செக்சன்ல இருக்கேன். சிமெண்ட மூட்ட கட்டி லாரியில ஏத்துற எடம்.

—அதுவும் தெரியும். தரகரு ஒண்ணு விடாம சொல்லிட்டாரு. இந்தா பாருங்க, எனக்கு நேரம் இல்ல. பட்டுன்னு பேசி முடிச்சுருவோம். எனக்கு சமைக்கத் தெரியாது.

—அதாவது, அது பரவாயில்லைங்க. மொத ஷிப்டு முடிஞ்சு வந்தா எங்க வூட்டுல நாந்தான் குழம்பு வெப்பேன். எங்கம்மா ஒண்ணும் சொல்லாம சாப்டும்.

—கோவம் வந்தா கையில கெடைக்கிறத எடுத்து வீசிருவேன்.

—எங்க வூட்டுல எல்லாமே எவர்சில்வருங்க. ஒடையாது.

—கிண்டலா?

—இல்லைங்க. இருக்கறதச் சொன்னேன்.

—சரி. இத இதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல. கட்டிக்கப் போறவருகிட்ட மறைக்கக் கூடாதுன்னு உங்ககிட்ட சொல்றேன். எனக்கு தூக்கத்துல நடக்குற வியாதி இருக்கு. கண்ண மூடிக்கிட்டே எந்திரிச்சுப் போயிருவேன். முழிச்சுப் பாத்தா ரயில்வே ஸ்டேசன்ல நிப்பேன்.

—பெரம்பலூருக்குத்தான் ரயிலே கெடையாதுங்களே.

—அரியலூரு ஸ்டேசன்.

—முப்பது கிலோமீட்டரு இருக்குங்க.

—வியாதின்னா சும்மாவா. வேகமா நடப்பேன்.

—அதாவது, கோவிச்சுக்காதீங்க. இத நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். ஆறு மணிக்கு டிவியில நரி வருதுல்லைங்க, துரை, அவன் போன வியாழக்கிழமை ஓட்டல் மாடியில ஏட்டு நாய்கிட்ட மாட்டுனப்ப இதையேதான் சொன்னான். தூக்கத்துல நடந்து வந்துட்டேன் ஏட்டய்யா, முழிச்சுப் பாத்தா கையில பிரியாணி இருக்குன்னு.

—நீங்க நரி பாப்பீங்களா?

—என்னங்க இப்புடிக் கேட்டுட்டீங்க. எங்க குரும்பலூருக்கும் இதே கேபிள் வயருதான் வருது. அந்த அர மணி நேரம் வூட்டுல இருக்கணும்னு, செகண்டு ஷிப்டு விழுந்தா யாருகிட்டயாவது கெஞ்சிக் கூத்தாடி மாத்திக்குவேன். மறுநா செக்சன் பூரா துரை பேச்சுதான். மேஸ்திரி திட்டுனா, 'ஏட்டய்யா, நான் செவுரு ஏறல, செவுருதான் எறங்குச்சு'ம்போம். தூசியில ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது, சிரிக்கிற சத்தம் மட்டும் கேக்கும்.

—நிசமாவா? சிமெண்டு பேக்டரி வரைக்குமா போயிருக்கு?

—லாரிக்காரங்க வேற கேட்டுட்டுப் போறாங்களே. எங்கெங்க போவுதோ.

—எந்தக் கத ரொம்பப் புடிச்சுது? சும்மாத்தான் கேக்கறேன்.

—கோழியம்மாவோட முட்டையத் திருடிக் கொண்டாந்து, பொறந்தநாள் பரிசுன்னு அந்தக் கோழிக்கே குடுப்பானே, அது.

—அது நல்லா வந்துச்சுல்ல.

—எங்கம்மாவுக்கும் அதாங்க. அதாவது, எங்கப்பா தவறி அப்ப ரெண்டு வருசம். எங்கம்மா பேரு பஞ்சவர்ணம், ஒரு காலத்துல அது சிரிச்சா தெருமுன வரைக்கும் கேக்கும். அப்பா போனதுலேர்ந்து சாப்டும், தூங்கும், கேட்டதுக்குப் பதில் சொல்லும். சிரிக்கவே சிரிக்காது. அன்னைக்கு கோழி அந்த முட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்து, 'எங்க குடும்பச் சாட தெரியுதே'ன்னு சொல்லுச்சு பாருங்க, எங்கம்மா சிரிச்சுது. சிரிச்சு சிரிச்சு பொற ஏறிருச்சு. நான் தலையில தட்டிக்கிட்டே அழுதுட்டேங்க.

—எனக்கு இது தெரியாது.

—உங்களுக்கு எப்புடித் தெரியும்.

—இல்ல, சொன்னேன். மேல சொல்லுங்க.

—ஆனா போன வெள்ளிக்கிழம துரை சரியில்லைங்க. சுதி எறங்கிருச்சு.

—சளி புடிச்சிருந்துச்சு. மொளகுப்பால் குடிச்சும் தொண்ட தொறக்கல.

—யாருக்கு?

—நரிக்கு. அப்புடித்தான் இருந்திருக்கும்னு சொல்றேன்.

—அந்தாளு வெத்தல போடுறவரா இருக்கணும். அதான் தொண்ட கட்டுது. அம்பது அம்பத்தஞ்சு வயசு இருக்கும். லாரி ஓட்டி நாலு ஊரு பாத்தவரு. எங்க செக்சன்ல பேசி முடிவே பண்ணிட்டோம்.

—ஏன், பொம்பளையா இருக்கக் கூடாதா?

—அதாவது, தப்பா நெனக்காதீங்க. பொம்பளைங்களுக்கு அவ்வளவு பொய்யி கோர்வையா வராது.

—ஓகோ. கொஞ்சம் கிட்ட வாங்க. 'ஏட்டய்யா, பொய் சொல்றதுக்கு நான் என்ன மனுசனா? நரிய்யா, நரி. எங்க வம்சத்துலயே வால் மட்டுந்தான் நீளம். நாக்கு ரொம்பக் குட்ட.'

—பாக்கியம், என்னடி சத்தம் அது?

—ஒண்ணும் இல்லம்மா. தொண்ட கமறிருச்சு. என்னங்க, நின்னுக்கறேன்னீங்க, அந்த நாற்காலியிலயே உக்காந்துட்டீங்க?

—ஆடுதுங்க.

—நாற்காலியா, நீங்களா?

—தெரியலைங்க. துரை நீங்களா?

—நாந்தான். துரை, ஏட்டு நாயி, கோழியம்மா எல்லாம் நாந்தான். மணிவேல் அண்ணன் திருச்சியிலேர்ந்து ஒரு பெட்டி சிடி வாங்கியாந்துச்சு. படம் நல்ல படம், ஆனா பேச்சு எந்த நாட்டு பாஷன்னே தெரியல. புள்ளைங்க பொம்மையப் பாக்கட்டும்னு அப்புடியே போட்டுட்டு டீ குடிக்கப் போயிருச்சு. நான் உக்காந்து விளம்பரம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த நரி பட்டணத்துல திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்ன நிப்பப் பாத்ததும் எனக்கு சிரிப்பு வந்துருச்சு. மைக்கப் போட்டேன், பேச ஆரம்பிச்சேன். மறுநா காலையில நாப்பது பேரு போன் பண்ணி, நரி இன்னைக்கும் தமிழ்ல பேசுமான்னு கேட்டாங்க.

—எழுதி வெச்சுக்கிட்டா பேசுறீங்க?

—எழுத நேரம் ஏது. சிடி பாட்டுக்கு ஓடும், அவன் வாயத் தொறக்கறதுக்குள்ள நான் தொறக்கணும். நாளெல்லாம் ஊரு சொல்றத கேட்டுக்கிட்டு இருப்பேன். ஆறு மணிக்கு அவ்வளவையும் அவன் வாயில போட்டுருவேன்.

—அப்புறம் ஏங்க விளம்பரம் மட்டும் அடிக்குதுன்னு சொன்னாங்க? ஏன் சமைக்கத் தெரியாதுன்னீங்க?

—நீங்க வேணாம்னு சொல்லிட்டுப் போவணும்னுதான். இந்தா பாருங்க, உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. நிச்சயம் ஆன மறுநாள் மைக்கு கெடையாதுன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. ரெண்டு டிகிரி படிச்சவ இல்ல நானு, பாட வராது, ஆட வராது. எனக்குன்னு வர்றது இது ஒண்ணுதான். இத விட்டுட்டு என்னால இருக்க முடியாது.

—கல்யாணமே வேணாமா?

—நரி வேணாம்ங்கிற கல்யாணம் வேணாம். மணி என்ன?

—அஞ்சு அம்பத்தஞ்சு. வெளியில வண்டி நிக்குதுங்க. கேபிள் ரூம் எங்க?

—பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். ஆனா ஹாலத் தாண்டித்தான் போவணும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே மாப்பிள்ளை வண்டியில ஏறிப் போயிட்டாளேன்னு எங்கப்பா அங்கயே மயங்கி விழுந்துருவாரு.

—தம்பி, அஞ்சு நிமிசம் எப்பவோ ஆயிருச்சு. உங்கம்மா டிவியப் போடச் சொல்லுது. நரி வர நேரமாம். பாக்கியத்தோட அப்பா கரண்டு இல்லன்னு சொல்லிப் பாத்தாரு. அப்ப மேல ஃபேன் எப்புடி சுத்துதுன்னு கேட்டுருச்சு.

—அத்த, ரெண்டே நிமிசம். இந்தாங்க பாக்கியம், எங்கிட்ட செல்லு இருக்கு. இதுல பேசுனா ஆவுமா?

—செல்லா? குடுங்க. டவரு இல்லையே.

—சன்னல் பக்கம் வாங்க. இன்னும் கொஞ்சம். கம்பி கிட்ட. இப்ப ரெண்டு கோடு காட்டுது.

—அலோ, மணிவேல் அண்ணே? நாந்தான், பாக்கியம். அழுவாதண்ணே. வர முடியாது, வூட்டுல ஆளுங்க இருக்காங்க. கேளு, இப்ப நீ பேசிக்கிட்டு இருக்க பாரு, அந்த ஆபீஸ் போனு ரிசீவர மைக்கோட சேத்து வெச்சு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு. காதுல வெக்கிற பக்கம் மைக்கப் பாத்து இருக்கணும். ஆமா, நான் இங்கேர்ந்தே பேசிருவேன். சிடி சத்தத்த சுத்தமா கொறச்சுட்டு ஓட்டு. கட்டிட்டியா? ஊமையா ஓடுனா எம் மேல சத்தியம், நாளைக்கு நான் அங்க வர மாட்டேன்.

—ஏடி, யாருகிட்டடி பேசுற? தம்பி, இது என்ன கூத்து?

—அத்த, சத்தம் போடாதீங்க. உங்க பொண்ணு நரின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

—போச்சு, எல்லாம் போச்சு.

—அம்மா, அப்புறம் அழுவலாம். படம் போட்டாச்சான்னு பாரு. ஐயோ, எனக்கு இங்கேர்ந்து டிவி தெரியாதே. அவன் என்ன பண்றான்னு தெரியாம நான் என்னத்தப் பேசுவேன்?

—நான் சொல்றேங்க. கதவுத் திரையில ஒரு கிழிசல் இருக்கு, அது வழியா டிவி நல்லாத் தெரியுது. எழுத்து ஓடுது. முடிஞ்சுது. துரை தெருவுல நடக்கறான். கையில ஒரு பெட்டி.

—'பட்டணம் வந்து பத்து மாசம் ஆச்சு. எத்தன வூட்டுல திருடியிருக்கேன், ஒரு வூட்டுலயாவது குடியிருந்திருக்கனா?'

—பாக்கியம், டிவியில உன் கொரலு வருதுடி.

—ஒரு வாசல்ல நிக்கறான். பலக தொங்குது, ஏதோ எழுதியிருக்கு. தலையச் சொறியறான்.

—'வூடு வாடகைக்கு. ஆடு, மாடு, கோழிக்கு மட்டும். ஏன்யா, இவ்வளவு எழுதுனவங்களுக்கு நரின்னு ரெண்டு எழுத்து எழுதறதுக்குள்ள மை தீந்துருச்சா?'

—அதாவது, பெட்டியத் தொறக்கறான். தாடி எடுக்கறான். ஒட்டிக்கிட்டான். வெள்ளக் கம்பளியப் போத்திக்கறான். ஆடு மாதிரி.

—'மே. நான் ஆண்டிமடத்து ஆடுங்க. முந்திரிக் காட்டுலயே மேஞ்சு வளந்த ஒடம்பு. புலால்னாலே எனக்கு கொமட்டும். மே.'

—உங்கம்மா வாயப் பொத்திக்கிட்டு சிரிக்குது தம்பி. பெரிய சிரிப்பா இருக்கே அதுக்கு. ஏ சாமி, சிரிப்பு நின்னுருச்சு. டிவியப் பாக்கல, இந்த செவுத்தப் பாக்குது.

—ஏன்?

—நீ பேசுறது செவுத்துக்கு இந்தப் பக்கம் மொதல்ல கேக்குது, டிவியில அப்பறம் வருதுடி. உள்ள யாரு பேசுறதுன்னு உங்கப்பாகிட்ட கேக்குது.

—அப்பா என்ன சொல்றாரு?

—எலிங்கிறாரு.

—நிறுத்திரட்டுமாங்க?

—துரை கதவு கிட்ட போறான். கைய ஓங்கிட்டான், தட்டப் போறான்.

—அந்தம்மா எந்திரிச்சிருச்சு. இங்கதான் வருது. நிறுத்திரு பாக்கியம். நாஞ் சொல்றத கேளு. இவ்வளவு நல்ல எடம், கையில வந்து உக்காந்தது பறந்து போயிரும். போன வெச்சுட்டு தலையக் குனிஞ்சு நில்லு, நான் ஏதாவது சொல்லி சமாளிச்சுக்கறேன்.

—தட்டிட்டான். வாயத் தொறக்கறான்.

—'வூட்டுக்காரம்மா, கதவத் தொறங்க. ஒரு உண்மையச் சொல்லிப்புடறேன். நான் ஆடு இல்ல. இது ஒட்டுத்தாடி. நான் நரி. மறைச்சுக்க, மறைச்சுக்கன்னு எல்லாரும் சொன்னாங்க. மறைச்சுப் பாத்தேன், மூச்சு முட்டுதுங்க. நரியாவே வெச்சுக்கறதா இருந்தா எடம் குடுங்க. இல்லையா, நான் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிடறேன், உங்க மேல ஒரு வருத்தமும் இல்ல.'

—அதாவது, படத்துல அவன் இன்னும் தாடிய எடுக்கலைங்க.

—எடுப்பான். நான் சொல்லிட்டேன்ல.

—சம்மந்தி, வாங்க. அது வந்து, பொண்ணுக்கு தொண்ட சரியில்ல, அதான் கொஞ்சம்...

—நீங்க செத்த நகருங்க. ராசா, அந்தத் திரைய விடு, கிழிச்சுப்புடாத. இந்த போனுலதானா நரி பேசுது? இதுல பேசுனா டவுனு பூரா கேக்குமா?

—கேக்கும்மா. நம்ம குரும்பலூருக்கும் கேக்கும்.

—நீ குடு தாயி. ஏ துரை, நான் குரும்பலூரு பஞ்சவர்ணம் பேசுறேன். தாடியும் வேணாம், கம்பளியும் வேணாம், நரியாவே எங்க வூட்டுக்கு வந்து சேரு. ஆனா தெனம் ஆறு மணிக்கு உன் கொரல நான் கேக்கணும், ஒரு நா நிறுத்துனாலும் நான் பொல்லாதவளாயிருவேன், இத உங்கப்பாருக்கும் சேத்துத்தான் சொல்றேன்.